வாரம் ஒரு பக்கெட்டா, மாதம் பாதித் தொட்டியா? பெங்களூரு தண்ணீருக்கு எது சரி

இரண்டடி மீன் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 24 அங்குல நீளம், 12 அகலம், 15 உயரம். கணக்குப்படி 70 லிட்டர் பிடிக்கும். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக 60 லிட்டர்தான் நிற்கும். இதில் தண்ணீர் மாற்றுவது பற்றிப் பேச்செடுத்தால் மூன்று கட்சி உண்டு. வாரம் ஒரு பக்கெட் என்பார் ஒருவர். மாதம் ஒருமுறை பாதியை எடுத்துவிட்டால் போதும் என்பார் இன்னொருவர். குறைந்ததை மட்டும் ஊற்றினால் போதும், ஃபில்டர்தான் இருக்கிறதே என்பார் மூன்றாமவர். பெங்களூரில் இதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது: ஊற்றுவது எந்தத் தண்ணீர்? காவேரியா, போரா (ஆழ்துளைக் கிணறு), டேங்கரா, ஆர்.ஓ.வா (உப்பை வடிகட்டி நீக்கிய தண்ணீர்)? இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

முதலில் கணக்கு

மீன் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அம்மோனியாவாக மாறும். ஃபில்டர் ஸ்பான்ஜில் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். ஃபில்டரின் வேலை அதோடு முடிந்தது. நைட்ரேட்டைச் செடி குடிக்க வேண்டும், இல்லையென்றால் நாம் மொண்டு வெளியே ஊற்ற வேண்டும். வேறு வழி சாதாரணத் தொட்டியில் கிடையாது.

எவ்வளவு சேரும்? 40 சதவீதம் புரதமுள்ள தீனி ஒரு கிராம் போட்டால், அதிலுள்ள நைட்ரஜன் முழுதும் நைட்ரேட்டாக மாறுவதாக வைத்துக்கொண்டால், 60 லிட்டரில் கிட்டத்தட்ட 5 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) ஏறும். மீனின் உடம்பில் சேர்வது போக வாரத்துக்கு 10 பி.பி.எம். ஏறுகிறது என்று வைப்போம். அளவோடு மீன் வைத்து அளவோடு தீனி போடும் தொட்டிக்கு இது நியாயமான கணக்கு.

வாரம் ஒரு 20 லிட்டர் பக்கெட், அதாவது மூன்றில் ஒரு பங்கு மாற்றினால், சில வாரங்களில் அளவு ஒரு நிலைக்கு வந்துவிடும்: மாற்றும் முன் 30, மாற்றிய பின் 20. மாதம் ஒருமுறை பாதி மாற்றினால் மாற்றும் முன் 80, மாற்றிய பின் 40. நைட்ரேட் 40-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது, 20-ஐ ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. மாதக் கட்சிக்கு மாற்றிய அன்று மட்டும்தான் 40.

இங்கே மாதக் கட்சிக்காரர் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்: நான் மாதத்துக்கு 30 லிட்டர்தான் செலவழிக்கிறேன், நீங்கள் 80 லிட்டர் ஊற்றுகிறீர்கள், இது சமமான போட்டியா? இல்லைதான். அதே 30 லிட்டரை நான்காகப் பிரித்து வாரம் ஏழரை லிட்டராக மாற்றிப் பாருங்கள். உச்சம் அதே 80, மாற்றிய பின் 70. ஒரே அளவு தண்ணீருக்கு, மொத்தமாக மாற்றும்போதுதான் நைட்ரேட் சராசரியாகக் குறைவாக நிற்கிறது. அதனால் சும்மா கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் நல்லது என்று சொல்வது அரைகுறை. வாரம் மாற்றுங்கள், அளவாகவும் மாற்றுங்கள்.

வாரக் கணக்கின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு வாரத்தில் தொட்டித் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் அதிகம் விலகிப் போக முடியாது. பி.எச். (அமில-காரத் தன்மை), கடினத்தன்மை, டி.டி.எஸ். (கரைந்த உப்பின் மொத்த அளவு) எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், மீனுக்கு அதிர்ச்சி இல்லை. ஒரு மாதம் விட்டுப் பாதியை மாற்றும்போது மீன் ஒரே மணி நேரத்தில் வேறொரு குளத்துக்குப் போகிறது. "தண்ணீர் மாற்றினேன், மறுநாள் மீன் செத்தது" என்ற பேச்சு பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. மாற்றியதன் மேல் பழி விழுகிறது. மாற்றாமல் விட்ட நாட்கள்தான் காரணம்.

குறைந்ததை மட்டும் ஊற்றினால்?

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கும். பெங்களூரு மார்ச், ஏப்ரல் காற்றில் ஈரம் குறைவு. மூடியில்லாத தொட்டியில் வாரத்துக்கு 5 லிட்டர் குறைவதாக வைப்போம். 600 டி.டி.எஸ். உள்ள போர் தண்ணீரை ஊற்றி நிரப்பினால் ஒவ்வொரு வாரமும் 3,000 மில்லிகிராம் உப்பு உள்ளே போகிறது. 60 லிட்டருக்கு 50 பி.பி.எம். வீதம், 26 வாரத்தில் 1,300. ஆரம்பித்த 600-உடன் சேர்த்தால் 1,900. கண்ணாடியின் மேல் விளிம்பில் வெள்ளைக் கோடு படிவதைப் பார்த்திருப்பீர்கள், அது இந்த உப்புதான்.

இதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாதது. அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் வேலை தண்ணீரிலுள்ள கார்பனேட்டைத் தின்றுகொண்டே போகும். புதுத் தண்ணீர் போதிய அளவு வராவிட்டால் கே.எச். (அந்தக் கார்பனேட்டின் அளவு) தீர்ந்து பி.எச். 6-க்குக் கீழே கூட இறங்கும். அங்கே பாக்டீரியாவும் சோர்ந்துவிடும், அம்மோனியா தேங்கும். ஆனாலும் மீன் சாகாது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 6-இல் மொத்த அம்மோனியாவில் விஷ வடிவம் சுமார் 0.06 சதவீதம்தான். பி.எச். 7-இல் அது பத்து மடங்கு. 8-இல் 5 சதவீதத்துக்கு மேல். இப்படிப்பட்ட தொட்டியில் ஒருநாள் பி.எச். 8 உள்ள குழாய்த் தண்ணீரைப் பாதி ஊற்றினால், அதுவரை அடங்கிக் கிடந்த அம்மோனியா அப்படியே விஷமாகும். நல்லெண்ணத்தோடு செய்த காரியமே மீனைக் கொல்லும்.

செடி அடர்ந்து, நான்கைந்து சின்ன மீன் மட்டும் உள்ள தொட்டி இதற்கு விதிவிலக்கு. அங்கே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு போதும். அப்போதும் ஆவியானதை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

எந்தத் தண்ணீர்?

காவேரிதான் முதல் தேர்வு. தொரேகாடனஹள்ளியில் சுத்திகரித்து, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம் பம்ப் செய்து மேட்டுக்கு ஏற்றி வரும் தண்ணீர். டி.டி.எஸ். போரைவிடக் குறைவு, மாதத்துக்கு மாதம் பெரிய மாற்றமும் இல்லை. இதில் பார்க்க வேண்டியது குளோரின். செவுளை எரிக்கும், ஸ்பான்ஜிலுள்ள பாக்டீரியாவையும் கொல்லும். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும் மீன் முதல் அடையாளம். இரண்டு மூன்று நாள் கழித்து அம்மோனியா ஏறுவது இரண்டாவது அடையாளம். பக்கெட்டில் பிடித்து ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு 24 மணி நேரம் விட்டால் குளோரின் போய்விடும். அவசரமென்றால் ஆன்டி-குளோரின் என்று மீன் கடையில் விற்கும் சோடியம் தயோசல்ஃபேட் கல். 10 கிராம் கல்லை 100 மில்லி தண்ணீரில் கரைத்து பாட்டிலில் வையுங்கள். 20 லிட்டர் பக்கெட்டுக்கு 2 மில்லி போதும். தொட்டியில் நேராக விடாமல் பக்கெட்டில் கலக்கிவிட்டுப் பிறகு ஊற்றுங்கள்.

2024 அக்டோபரில் காவேரி ஐந்தாம் கட்டம் தொடங்கி, நகரோடு சேர்ந்த 110 கிராமங்களுக்குக் குழாய் போகிறது. வருஷக்கணக்கில் போர் தண்ணீரில் வாழ்ந்த மீன் உள்ள வீட்டுக்கு இது கவனம் தேவைப்படும் நேரம். 900 டி.டி.எஸ்.ஸில் இருந்த மீனை ஒரே வாரத்தில் 250-க்கு இறக்கக் கூடாது. முதல் மாதம் பக்கெட்டில் பாதி பழைய தண்ணீர், பாதி புதியது என்று கலந்து ஊற்றுங்கள்.

போர் தண்ணீர் கெட்டதில்லை. கப்பி, மோலி, மலாவி ஏரி சிக்லிட் போன்றவற்றுக்கு அதன் கடினம் நன்றாகவே ஒத்துவரும். நியான் டெட்ராவுக்கும் டிஸ்கஸுக்கும் வேண்டாம். ஆனால் ஒரு சோதனை கட்டாயம்: குழாய்த் தண்ணீரிலேயே நைட்ரேட் எவ்வளவு? குடிநீருக்கான இந்தியத் தரநிலை வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். பெங்களூரில் அதைத் தாண்டும் போர்கள் உண்டு. உங்கள் போரில் 45 இருந்தால் மேலே போட்ட கணக்கில் ஒவ்வொரு எண்ணோடும் 45-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். வாரம் ஒரு பக்கெட் மாற்றினாலும் 75-ஐத் தொடும். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்றி இன்னும் கூடும். அப்போது ஆர்.ஓ. கலப்பதுதான் வழி. பம்ப் போட்டு நேராக வரும் போர் தண்ணீரில் கரியமில வாயு கரைந்திருக்கும், ஆக்சிஜன் குறைவாக இருக்கும். பிடித்தவுடன் பார்த்தால் பி.எச். தாழ்வாகக் காட்டும், மறுநாள் ஏறிவிடும். எனவே குளோரின் இல்லாவிட்டாலும் ஒரு இரவு ஏர் ஸ்டோன் ஓடட்டும்.

டேங்கர் தண்ணீர் கடைசித் தேர்வு. அது கெட்டது என்பதால் இல்லை, நேற்று வந்த லோடும் இன்று வந்த லோடும் ஒன்றாக இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது என்பதால். டி.டி.எஸ். பேனா இல்லாமல் டேங்கர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். போன வார அளவிலிருந்து 150-க்கு மேல் விலகியிருந்தால் ஒரு பக்கெட்டுக்குப் பதில் கால் பக்கெட் மட்டும் மாற்றுங்கள்.

தனி ஆர்.ஓ. தண்ணீரில் கே.எச். கிட்டத்தட்ட இல்லை. அதை மட்டும் ஊற்றினால் பி.எச். பிடிமானம் இல்லாமல் சரியும். கலப்பதற்கும் ஆவியானதை ஈடுகட்டவும்தான் ஆர்.ஓ. 900 டி.டி.எஸ். போர் ஒரு பங்கு, 30 டி.டி.எஸ். ஆர்.ஓ. இரண்டு பங்கு சேர்த்தால் 320 வரும். அதன் கழிவுக் குழாயில் வரும் தண்ணீர் தரை துடைக்கத்தான். உப்பு முழுதும் அதில்தான் இருக்கிறது.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் இன்னும் இரண்டு விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, பில்டிங்கில் சாஃப்ட்னர் ஓடுகிறதா? சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை வைக்கும். டி.டி.எஸ். பேனாவில் எண் குறையாது, அதனால் தெரியாது. ஜி.எச். (கால்சியம், மெக்னீசியத்தால் வரும் கடினத்தன்மை) சோதனையில்தான் பூஜ்யம் தெரியும். நத்தை ஓடு வெள்ளையாக அரிப்பதும், மோலி நீந்தாமல் ஒரே இடத்தில் உடம்பை ஆட்டிக்கொண்டு நிற்பதும் இதன் அடையாளம். சாஃப்ட்னருக்கு முன்னால் தண்ணீர் எடுக்க முடியுமா என்று பிளம்பரைக் கேளுங்கள். தோட்டக் குழாயை மட்டும் நம்பாதீர்கள், பல வளாகங்களில் அது எஸ்.டி.பி. தண்ணீர் (சுத்திகரித்த கழிவுநீர்). இரண்டாவது, சம்ப் கழுவும் நாள். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய பிறகு இரண்டு நாள் தொட்டியைத் தொடாதீர்கள்.

மாற்றும்போது

முதலில் ஹீட்டரையும் ஃபில்டரையும் அணையுங்கள். சூடான ஹீட்டர் தண்ணீருக்கு மேலே தெரிந்தால் கண்ணாடி வெடிக்கும். தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றும் சைஃபன் குழாயை மணலில் குத்தி, அழுக்கு மேலெழுந்து போனதும் அடுத்த இடத்துக்கு நகர்த்துங்கள். ஒரு வாரம் இடப்பக்கம், மறுவாரம் வலப்பக்கம் போதும். ஸ்பான்ஜைக் குழாயடியில் கழுவவே கூடாது. வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்து மாட்டுங்கள், அதுவும் மாதம் ஒருமுறை.

டிசம்பர், ஜனவரி காலையில் ஓவர்ஹெட் டேங்க் தண்ணீர் 18 டிகிரிக்கு வந்துவிடும், தொட்டி 25-இல் இருக்கும். அப்படியே ஊற்றினால் ஒரு வாரத்தில் வெள்ளைப்புள்ளி நோய் தலைகாட்டலாம். பக்கெட்டை இரவே வீட்டுக்குள் வைத்து, ஊற்றும் முன் கொஞ்சம் வெந்நீர் கலந்து, தெர்மாமீட்டரில் இரண்டு டிகிரிக்குள் கொண்டுவாருங்கள். கீஸர் தண்ணீர் வேண்டாம், உள்ளே செம்புக் குழாய் இருக்கலாம். அடுப்பில் சுட வைத்ததே போதும்.

எடுத்த தண்ணீர் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் நல்ல உரம், மருந்தோ உப்போ போட்ட வாரம் தவிர. தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் மாற்றுவதை நிறுத்துவதற்கு முன் தீனியைப் பாதியாக்குங்கள். நைட்ரேட் அந்த டப்பாவிலிருந்துதான் வருகிறது.

பல மாதம் விட்டுவிட்ட தொட்டி

முதல் நாளே பெரிய மாற்றம் வேண்டாம். அம்மோனியாவும் பி.எச்.சும் பாருங்கள். பி.எச். 6.5-க்குக் கீழே இருந்து அம்மோனியாவும் தெரிந்தால் தீனியை இரண்டு நாள் நிறுத்தி, முதல் வாரம் தினம் 3 லிட்டர் மட்டும், ஏர் பம்ப் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். அம்மோனியா இல்லையென்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் 6 லிட்டர், பத்தில் ஒரு பங்கு. மேலே பார்த்த 1,900 டி.டி.எஸ். தொட்டியை 600 தண்ணீரால் 700-க்குக் கொண்டுவர இப்படி 25 முறை ஆகும், அதாவது 50 நாள். இடையில் மீன் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்றால் அடுத்த மாற்றத்தை ஒருநாள் தள்ளிப் போடுங்கள். தொட்டிக்கும் குழாய்க்கும் இடையே 100 பி.பி.எம். வித்தியாசம் வந்ததும் 20 லிட்டர் பக்கெட்டைக் கையில் எடுக்கலாம்.