வைட்டமின் டி: ஒரேயடியாகவா, தினமும் கொஞ்சமாகவா?

வைட்டமின் டி குறைந்தவர்களை கொரோனா அதிகம் வாட்டியதாகப் பல ஆய்வுகள் சொன்னன. முதுமையும் உடற்பருமனும் இரண்டுக்குமே காரணமாகலாம் என்பதால், கொடுத்துப் பார்த்த சோதனைகளையே நான் நம்புகிறேன்.

ஒரேயடியாகக் கொடுத்துப் பார்த்தது பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரம். மருத்துவமனையில் சேர்ந்த 240 கொரோனா நோயாளிகளில் பாதிப் பேருக்கு 2,00,000 யூனிட். மீதிப் பேருக்கு வெற்று மருந்து. ரத்தத்தில் அளவு நன்றாகவே ஏறியது. ஆனால் மருத்துவமனையில் இருந்த நாள்களின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) இரு தரப்புக்கும் 7 தான். 2021இல் வெளியான முடிவு இது. அறிகுறி தொடங்கிச் சராசரியாகப் 10 நாள் கழித்துத்தான் மருந்து போயிருக்கிறது. வெள்ளம் வந்தபின் அணை போட்ட மாதிரி.

தினமோ வாரமோ சிறிதளவு எடுத்தவர்களுக்குச் சுவாசத் தொற்று ஓரளவு குறைந்தது என்றது, 25 சோதனைகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு பகுப்பாய்வு. ரத்த அளவு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்கே பலன் அதிகம். பிற்பாடு புதிய சோதனைகளைச் சேர்த்தபோது அந்தப் பலன் சுருங்கிவிட்டது.

குறைபாடு உள்ளவர்களுக்கு என் தேர்வு தினசரி அளவுதான், அதுவும் எலும்புக்காக. பாலில் கலக்கும் 60,000 யூனிட் பொடியை மருத்துவர் வாரம் ஒன்று என்று எழுதினால், தயவுசெய்து தினமும் குடிக்காதீர்கள். கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.