மிதிவண்டியில் ஆக்‌ஷன் கேமரா: மூன்று ஆண்டுகளில் பிடிமானம் பற்றிக் கற்றவை

மூன்று ஆண்டுகளாகக் கோப்ரோ ஹீரோ 9 கேமராவை என் மிதிவண்டியில் பொருத்திப் பதிவு செய்து வருகிறேன். பெரும்பாலும் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மாமல்லபுரம் சென்று திரும்பும் அதிகாலைப் பயணங்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள். இதுவரை மூன்று பிடிப்பான்களை மாற்றியிருக்கிறேன், கேமரா மட்டும் அதேதான்.

முதலில் வாங்கியது ஹேண்டில்பாரைச் சுற்றிக் கவ்வும் பிளாஸ்டிக் கிளாம்ப். நான்கைந்து வேகத்தடைகளைத் தாண்டுவதற்குள் கேமரா மெல்லத் தலை கவிழ்ந்து முன்சக்கரத்தைப் படமெடுக்கத் தொடங்கிவிடும். திருகு தளர்கிறது என்று எண்ணி, ஒவ்வொரு முறையும் இன்னும் இறுக்கினேன். தவறு திருகில் இல்லை என்பது புரியச் சில மாதங்கள் ஆயின. என் ஹேண்டில்பார், ஸ்டெம் (ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் பாகம்) பிடிக்கும் நடுப்பகுதியில் 31.8 மில்லிமீட்டரும் கைப்பிடிப் பக்கம் 22.2 மில்லிமீட்டரும் விட்டம் கொண்டது. இரண்டுக்கும் இடையே குழாய் சரிவாக மெலிகிறது. நான் கிளாம்பை அந்தச் சரிவின் மேல் பூட்டியிருந்தேன். சரிவின் மேல் வளையம் முழுமையாகப் படியாததால், எவ்வளவு இறுக்கினாலும் குலுங்கும்போது அது மெலிந்த பக்கம் நகரவே செய்யும். ஸ்டெம்மை ஒட்டிய சமமான பகுதிக்கு அதை மாற்றி, பஞ்சர் கடையில் கேட்டு வாங்கிய பழைய ட்யூபின் ஒரு துண்டை அடியில் சுற்றியபின் கவிழ்வது நின்றது.

ஆனால் அதிகமாக இறுக்கிய பிளாஸ்டிக்கில், திருகு நுழையும் காதருகே மயிரிழை போன்ற விரிசல் விழுந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. ஏலகிரியிலிருந்து இறங்கும்போது ஒரு பள்ளத்தில் காது உடைந்து கேமரா கழன்றது. முந்தைய வாரம் கட்டியிருந்த நைலான் கயிறுதான் அதைக் காப்பாற்றியது. இந்தக் காப்புக் கயிற்றைக் கிளாம்பில் கட்டாமல் ஹேண்டில்பாரிலேயே கட்ட வேண்டும். கேமரா தொங்கினாலும் முன்சக்கரத்தின் ஆரைக்கம்பிகளை எட்டாத அளவுக்கு அது குட்டையாக இருக்க வேண்டும். கயிறு நீளமாக இருந்து கேமரா சக்கரத்துக்குள் புகுந்தால், இழப்பு கேமராவோடு நிற்காது.

அடுத்து வாங்கிய உலோகக் கிளாம்ப் உறுதியாகவே இருந்தது. ஆயினும் கோணம் வேண்டி அதில் இரண்டு நீட்டிப்புக் கைகளைச் சேர்த்தது என் பிழை. கேமராவின் 158 கிராம் என்பது சிறிய எடைதான். ஆனால் அதைக் குழாயிலிருந்து தள்ளி வைக்க வைக்க, ஒவ்வொரு அதிர்வும் நெம்புகோல்போல இணைப்புகளை உலுக்குகிறது. மேலும், கேமராவின் மின்னணு நிலைப்படுத்தல், காணொளியின் ஒவ்வொரு படச் சட்டகத்துக்கும் (ஃபிரேம்) அடுத்ததற்கும் இடையே உள்ள நகர்வைச் சரிசெய்யுமே தவிர, ஒரே சட்டகத்துக்குள் விழுந்த மங்கலைத் துடைக்காது. விடியலின் குறைந்த ஒளியில் ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருப்பதால், நண்பகலில் தெளிவாக வந்த அதே சாலை அதிகாலையில் குழைந்து தெரிந்தது. அமைப்புகளை மாற்றிப் பார்ப்பதைவிட நீட்டிப்புகளைக் கழற்றியதே எனக்குப் பெரிய பலன் தந்தது.

இப்போது இருப்பது, ஸ்டெம்மின் முன்தகட்டுப் போல்ட்களில் பூட்டும் அலுமினியப் பிடிப்பான். கேமரா அதன் அடியில் தலைகீழாகத் தொங்குகிறது. படத்தைக் கேமராவே நிமிர்த்திக்கொள்கிறது. பிடிப்பானின் தடிமனுக்கு ஏற்ப நீளமான போல்ட்களைப் போடாவிட்டால், மரைகள் சிலவே பிடித்து ஹேண்டில்பாரே ஆபத்துக்குள்ளாகும். என் ஸ்டெம்மில் போல்ட்டை இறுக்கும் அளவு 5 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருக்கிறது. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் சாவி இல்லாமல் இதை நான் தொடுவதில்லை. கார்பன் ஹேண்டில்பார் வைத்திருப்பவர்கள், தயாரிப்பாளர் அனுமதித்த இடத்தைத் தவிர வேறெங்கும் கிளாம்ப் பூட்டக் கூடாது.

மார்புப் பட்டையில் சாலைக் குலுக்கல் நன்றாகக் குறைகிறது, ஆனால் குனிந்து ஓட்டும்போது பாதிப் படம் என் முழங்கால்கள்தான். தலைக்கவசத்தில் நான் பொருத்துவதில்லை; விழும்போது தரையில் வழுக்கிச் செல்ல வேண்டிய ஓட்டின்மேல் கெட்டியான துருத்தல் எதுவும் எனக்கு வேண்டாம்.

இன்னும் தொல்லை தருவது கடற்காற்று மட்டுமே. விரலால் திருகும் இணைப்புத் திருகு ஓராண்டில் துருவேறி இறுகிவிட்டது. துருப்பிடிக்காத எஃகுத் திருகுக்கு மாறியபின், மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெயிட்டு, வண்டியை அரையடி தூக்கித் தரையில் போட்டுப் பார்க்கிறேன். கோணம் மாறாவிட்டால் மறுநாள் கிளம்புகிறேன்.