மலிவு விலை டயல் கேஜும் காந்தத் தாங்கியும்: சக்கரக் கோட்டம் எடுக்கும் பட்டறையிலிருந்து ஒரு மதிப்பீடு

இணையக் கடையில் ஒரே பெட்டியாக 60 ரிங்கிட்டுக்குச் சற்றுக் கூடுதலான விலையில் கிடைத்த இந்த இரண்டு பொருள்களில், நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கேஜுக்குக் கொடுத்த பணம் தகும். அதைப் பிடித்து நிறுத்தும் தாங்கிக்குக் கொடுத்தது தகாது. பெயர் சொல்லும்படியான முத்திரை எதுவும் இரண்டிலும் இல்லை.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் பட்டறைக்கு வரும் கப்சாய்களில் (சிறிய மோட்டார் சைக்கிள்களில்) பல, செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் பாரம் ஏற்றி ஓடுபவை. ஹோண்டா இஎக்ஸ்5 வண்டியின் பின்சக்கரம் ஆட்டம் காண்பது இங்கே அன்றாடச் செய்தி. ரிம்முக்கு அருகில் ஒரு கம்பியை நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிக் கண்ணால் பார்த்தே கோட்டம் எடுத்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் ஆட்டம் ரிம்மிலிருந்து வருகிறதா, பேரிங்கிலிருந்து வருகிறதா, வளைந்த அச்சிலிருந்து வருகிறதா என்பதைக் கம்பி சொல்லாது, கேஜ் சொல்லும்.

கேஜின் அளவுக்கோடு ஒவ்வொன்றும் 0.01 மில்லிமீட்டர், முள் ஒருமுறை சுற்றினால் 1 மில்லிமீட்டர், அளக்கும் பொருளைத் தொடும் தண்டின் மொத்த ஓட்டம் 10 மில்லிமீட்டர். பக்கத்து லேத் பட்டறையில் பல ஆண்டுகளாக உழைக்கும் மிட்டுடோயோ என்ற ஜப்பானிய முத்திரைக் கேஜையும் இதையும் ஒரே உருளைக் கம்பியின் மீது மாறி மாறி வைத்துப் பார்த்ததில், வேறுபாடு ஒரு கோட்டைத் தாண்டவில்லை. தண்டைத் தூக்கி மெதுவாக விட்டால், முள் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத் திரும்புகிறது. வாங்குபவர் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான். தண்டு இறுகினால் எண்ணெய் விடக்கூடாது. எண்ணெயில் தூசி சேர்ந்து இன்னும் மோசமாக ஒட்டிக்கொள்ளும்.

தாங்கியின் கதை வேறு. காந்தம் இரும்புப் பலகையை நன்றாகவே கவ்வுகிறது. ஆனால் கைகளின் மூட்டுகள் எவ்வளவு இறுக்கினாலும் நெகிழ்கின்றன. விரலால் இலேசாகத் தட்டினால் முள் ஐந்தாறு கோடுகள் நகர்ந்து அங்கேயே நின்றுவிடுகிறது. ஹோண்டா கையேடுகள் ரிம்முக்குப் பொதுவாகக் கொடுக்கும் வரம்பு 2.0 மில்லிமீட்டர் என்பதால், அந்த வேலைக்கு இக்குறை பெரிதில்லை. அச்சுக்கு வரம்பு 0.2 மில்லிமீட்டர்தான், அங்கே இந்தத் தாங்கியை நம்ப முடியாது. கைகளை இயன்றவரை குறுக்கி வைத்தால் நெகிழ்ச்சி ஓரளவு குறையும்.

வெளிநாடுகளில் வீட்டிலேயே துப்பாக்கித் தோட்டாக்களை மீண்டும் நிரப்பும் குறிசுடுபவர்கள், தோட்டா முனை மையம் விலகியிருக்கிறதா என்று பார்க்க இதே வகைக் கேஜைத்தான் பயன்படுத்துகிறார்கள். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நடப்பில் உள்ள இந்நாட்டில் அது நமக்குரிய வேலையன்று. ஆனாலும் அவர்களுடைய முறை எடுத்துக்கொள்ளத் தக்கது: வெற்றுக் கூட்டின் கழுத்தை ஒருமுறை, வார்ப்புருவில் (டை) அழுத்திச் சீராக்கிய பின் ஒருமுறை, முனையைப் பொருத்திய பின் ஒருமுறை என்று கட்டந்தோறும் அளப்பதால், கோணல் எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

சக்கரத்திலும் அப்படியே. முதலில் அச்சைக் கழற்றி இரண்டு வி-பிளாக்குகளின் (V வடிவப் பள்ளமுள்ள தாங்குக்கட்டைகளின்) மீது உருட்டி நடுவில் அளக்க வேண்டும். முள் காட்டும் மொத்த வீச்சில் பாதிதான் உண்மையான வளைவு. அடுத்தது பேரிங். இவ்விரண்டும் சரியென்று உறுதியான பிறகே ஆரக்கம்பிகளில் கை வைக்கலாம். ரிம் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தால், அவ்விடத்து வலப்பக்கக் கம்பிகளைத் தளர்த்திய பிறகே இடப்பக்கத்தை இறுக்க வேண்டும். தளர்த்தாமல் இறுக்கிக்கொண்டே போனால் ரிம் வேறோர் இடத்தில் மேலெழும். கேஜின் தண்டு ரிம்மின் பக்கவாட்டுக்குச் செங்குத்தாக நிற்பதும் முக்கியம். 30 பாகை சாய்ந்திருந்தால், உள்ளதைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதலாகக் காட்டும். இரும்பு ரிம்மின் பற்றவைப்பு மூட்டில் முள் துள்ளுவதைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை. துருப்பிடித்த ரிம்மாக இருந்தால், அளக்கும் விளிம்பை முதலில் மணல்தாளால் தேய்த்துக்கொள்வது நல்லது. இல்லையேல் முள் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

கேஜின் கழுத்து வழக்கமான 8 மில்லிமீட்டர் என்பதால் வேறு தாங்கியிலும் பொருந்தும். ஆகவே பெட்டியாக வாங்காமல் கேஜை மட்டும் வாங்கி, ஒரே குமிழைத் திருகினால் எல்லா மூட்டும் இறுகும் வகைத் தாங்கியைத் தனியாகச் சேர்த்துக்கொள்வதே என் பரிந்துரை. ரிம் கோட்டம் மட்டும் பார்ப்பவருக்கு இந்தப் பெட்டியே போதும்.