புதுமுக மருத்துவ மாணவருக்கு இணையவழி வகுப்பா, நேரடி வகுப்பா?

உயர்தரம் வரை உயிரியலைத் தமிழில் படித்துவிட்டு, மருத்துவபீடத்தின் முதல் நாளிலேயே ஆங்கில விரிவுரைக்கு முன்னால் உட்காரும் யாழ்ப்பாணத்து மாணவருக்குப் பாடத்தைவிட மொழியே முதலில் இடறுகிறது. பீட வகுப்புகளுடன், கட்டணம் செலுத்தி ஓர் இணையவழி உடற்கூற்றியல் வகுப்பிலும் முதல் ஆறு மாதங்கள் சேர்ந்திருந்தேன். அந்த அனுபவத்தையே இங்கு ஒப்பிடுகிறேன்.

அந்த இணையவழி வகுப்பின் ஒரு மணிநேரப் பதிவைக் கேட்டு முடிக்க எனக்குத் தொடக்கத்தில் மூன்று மணிநேரம் பிடித்தது. நிறுத்தி, அகராதியைப் புரட்டி, அதே வசனத்தை மீண்டும் ஓடவிட்டு விளங்கிக்கொள்ளலாம். நிறைந்த மண்டபத்தில் எழுந்து, "சேர், அதை இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்று கேட்கும் துணிவு அப்போது என்னிடம் இல்லை. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன் பிற்காலத்தில் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்ததை அந்த இரவுகளில் சற்றுப் பொறாமையுடன் நினைத்துக்கொள்வேன். கருவின் வளர்ச்சியைப் படிக்கும் முளையவியலுக்கும் பதிவே மேல்: நேர்க்குழாயாகத் தொடங்கும் இதயம் நான்காம் வாரத்தில் வளைந்து மடிவதைக் கரும்பலகைப் படத்தைவிட அசையும் படமே தெளிவாகக் காட்டுகிறது.

ஆனால் உடலைத் திறந்து படிக்கும் இடத்தில் திரை தோற்றுவிடுகிறது. கழுத்திலிருந்து அக்குள் வழியாகக் கைக்கு இறங்கும் நரம்புப் பின்னலின் ஐந்து வேர்களையும் மூன்று தண்டுகளையும் திரையில் மஞ்சள் நிறத்தில் பார்த்து மனப்பாடம் செய்திருந்த நான், வெட்டிய அக்குளுக்குள் குனிந்தபோது நரம்பு, நாளம் (சிரை), நாடி (தமனி) எல்லாமே ஒரே மங்கிய பழுப்பாகக் கிடந்தன. பிணத்தைப் பதப்படுத்தும் போர்மலின் நெடியில் கண் வேறு எரிந்தது. விரிவுரையாளர் என் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாக உருட்டச் செய்தார். நரம்பு உள்ளீடுள்ள கயிறுபோல் உருண்டது, நாடியின் தடித்த சுவர் அழுத்தத்துக்கு எதிர்த்து நின்றது, நாளமோ தட்டையாக வழுகியது. எந்தப் பதிவும் இதைத் தந்திருக்க முடியாது.

இரண்டிலும் சேராதது அந்தச் சேவையின் நேரலை வகுப்பு. நிறுத்திக் கேட்கவும் முடியாது, தொட்டுப் பார்க்கவும் முடியாது. ஒலி அறுந்தால் அறுந்ததுதான். பதிவுகளையும் ஏழு நாளில் நீக்கிவிடுவார்கள் என்பது, பரீட்சைக்கு முந்திய வாரம் தேடியபோதுதான் எனக்குத் தெரிந்தது. முறையிட்டதற்கு நிபந்தனைகளை வாசிக்கும்படி பதில் வந்தது.

எனவே பதிவுகள் நிலைத்திருக்கும் சேவையாயின், மொழி பிடிபடும் வரை சில மாதங்களுக்குப் பணம் கொடுக்கலாம். நான் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. ஒரு சீனியர் அக்காவிடம் எலும்புத் தொகுதி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டேன்.