ஜாப்ரா ஸ்பீக்2 55: மீட்டிங்கில் எக்கோ தொல்லைக்கு வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். பெங்களூரு அல்சூரில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்துக்கு, மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றாக இருக்கும் இந்த ஸ்பீக்கர்போனை எஸ்.பி. ரோட்டில் வாங்கினோம், விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் கொடுத்த காசுக்குத் தகும். முன்பு இருந்த மலிவான ஸ்பீக்கர்போன் எதிர்முனையில் பேச்சு வந்தாலே நம் மைக்கை அடைத்துவிடும், கோயம்புத்தூர் வாடிக்கையாளர் "சார், பாதிதான் கேட்டுச்சு" என்று சொல்லாத நாளே கிடையாது. இது ஃபுல் டூப்ளெக்ஸ். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசினாலும் வார்த்தை விழுங்கப்படுவதில்லை, நடுவில் சொல்லும் 'ஆமா', 'சரி'கூடப் போய்ச் சேர்கிறது. 'உம்' கொட்டாமல் நமக்குக் கதை கேட்கத் தெரியுமா என்ன?

ஒன்றைப் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். உங்கள் குரல் உங்களுக்கே திரும்பக் கேட்டால் கோளாறு பெரும்பாலும் எதிர்முனையில்தான். அங்கே ஸ்பீக்கரில் வரும் உங்கள் குரலை அங்குள்ள மைக் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர ஆகும் ஒருவழித் தாமதம் 25 மில்லிசெகண்டைத் தாண்டினாலே எக்கோவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் ஜி.131 பரிந்துரை, இணைய அழைப்பில் அதைத் தாண்டுவது சர்வ சாதாரணம்.

ஸ்பீக்கரில் வரும் ஒலி அறையில் எங்கெல்லாம் பட்டு மைக்குக்கு வரும் என்று கணித்து, அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை அனுப்புவதுதான் இந்த மாதிரிக் கருவிகளின் வேலை. அதனால் எந்தக் கருவியானாலும் பேச்சின் நடுவே இடம் மாற்றாதீர்கள், கணக்கு மாறிப்போய் அது மறுபடி படிவதற்குள் எக்கோ தலைகாட்டும். வால்யூமையும் முழுசாக ஏற்ற வேண்டாம், ஸ்பீக்கர் பிசிறடிக்க ஆரம்பித்தால் அந்தப் பிசிறு கணக்கில் அடங்காது, கழியவும் கழியாது.

அறையையும் கவனிக்க வேண்டும். எங்களுடையது கண்ணாடித் தடுப்பும் டைல்ஸ் தரையுமாகக் கணகணவென்று இருந்தது, கனமான திரையும் கீழே ஒரு பவானி ஜமுக்காளமும் போட்ட பிறகு நல்ல வித்தியாசம்.

அப்புறம், ஒரே அறையில் இரண்டு லேப்டாப்பில் ஒரே மீட்டிங்கில் சேர்ந்தால் 'கூ'வென்று ஊளை கிளம்பும். அதற்குப் புதுக் கருவி வாங்கிப் பிரயோசனமில்லை, ஒன்றில் மைக்கையும் ஸ்பீக்கரையும் சேர்த்தே அணைக்க வேண்டும்.

தனியாக உட்கார்ந்து பேசுகிறவர்கள் இதற்குச் செலவழிக்கவே வேண்டாம், மைக் வைத்த ஹெட்போன் போதும். காதோடு நிற்கும் ஒலி மைக்குக்குப் போவது ரொம்பக் குறைவு.