எச்சரிக்கை: லயன்ஃபிஷ் வேட்டைப் பயிற்சி என்று சொல்லி வெறும் அட்டையை விற்கிறார்கள்

புளோரிடா, கரீபியன் பக்கம் டைவிங் போகிறவர்கள் காசு கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். லயன்ஃபிஷ் என்பது விஷ முள் உள்ள, அந்தக் கடல்களுக்கு வெளியிலிருந்து வந்து பரவிய மீன், டைவர்கள் அதை ஈட்டியால் குத்திப் பிடிக்கிறார்கள். புளோரிடா கீஸ் தீவுகளில் ஒரு டைவ் கடை இதற்கான வேட்டைப் பயிற்சி என்று விற்றதையும், அதில் சேர்ந்த நால்வருக்குக் கிடைத்ததையும் எழுதுகிறோம். கடையின் பெயர் வேண்டாம். இதே ஏமாற்று வேறு பல கரைகளிலும் நடக்கிறது.

சொன்னது இவ்வளவு: அரைநாள் வகுப்பு, இரண்டு டைவ், ஆளுக்கொரு ஈட்டி, பிடித்த மீனை முள் நீக்கி வெட்டும் செய்முறை, சான்றிதழ் அட்டை. நடந்தது வேறு. முக்கால் மணி நேரம் ஸ்லைடு ஓடியது. நால்வருக்கும் சேர்த்து ஒரே ஈட்டி. முதல் டைவில் பயிற்சியாளர் குத்த, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது டைவில் ஆளுக்குச் சில நிமிடம் ஈட்டி கைக்கு வந்தது. வலைப்பையில் போட்ட மீனின் முள் ஒருவர் தொடையில் ஏறியது, அதற்கு முதலுதவியான வெந்நீர் படகில் இல்லை. மீன் வெட்டும் வகுப்பு 'நேரமாகிவிட்டது' என்பதோடு முடிந்தது. அட்டை மட்டும் தவறாமல் வந்தது.

முதல் பொய் அட்டையைப் பற்றியது. 'இது இல்லாமல் இங்கே லயன்ஃபிஷ் பிடிக்க முடியாது' என்று சொல்லித்தான் சேர்த்திருக்கிறார்கள். புளோரிடாவில் போல் ஸ்பியர் (ரப்பர் வளையம் மாட்டிய கை ஈட்டி), ஹவாயன் ஸ்லிங் (கவண் போல ரப்பரால் ஏவும் ஈட்டி), கைவலை, அல்லது லயன்ஃபிஷ்ஷுக்கென்றே செய்து விற்கும் ஈட்டி ஆகியவற்றால் டைவர்கள் இந்த மீனைப் பிடிக்க மீன்பிடி உரிமமே தேவையில்லை. எண்ணிக்கை வரம்பு, அளவு வரம்பு, பருவத் தடை எதுவும் கிடையாது. ஆனால் ஜான் பென்னிகேம்ப் கடற்பூங்கா போல ஈட்டியே கூடாத இடங்கள் உண்டு, அங்கே எந்த அட்டையும் செல்லாது. கரீபியனில் உள்ள போனேர், கேமன் தீவுகளில் நிலைமை வேறு. அங்கே ஈட்டிக்குக் கட்டுப்பாடு கடுமை, முறையான அனுமதி இல்லாமல் கையில் எடுக்கக் கூடாது. ஆகவே 'சட்டப்படி கட்டாயம்' என்று யார் சொன்னாலும் அந்த ஊர் மீன்வளத் துறையின் விதியை நீங்களே பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வேட்டை அவசியமானது, அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. இந்தோ-பசிபிக் கடல்களைச் சேர்ந்த இந்த மீன் 1985-ல் புளோரிடாவின் டேனியா பீச் அருகே முதலில் பதிவானது. 2004 வாக்கில் பஹாமாஸ், 2009-ல் போனேர் என்று பரவிவிட்டது. பஹாமாஸில் சிறு பவளத்திட்டுகளில் செய்த ஆய்வொன்றில், லயன்ஃபிஷ் இருந்த திட்டுகளில் ஐந்தே வாரத்தில் உள்ளூர் மீன்குஞ்சுகளின் வரவு 79 சதவீதம் குறைந்தது. அதனால்தான் அரைகுறைப் பயிற்சி எங்களுக்கு இவ்வளவு கோபம் தருகிறது. குறி தப்பிய மீன் பாடம் கற்றுக்கொள்கிறது. அடிக்கடி வேட்டையாடப்பட்ட திட்டுகளில் இருப்பவை பகலில் பாறை இடுக்குக்குள் ஒதுங்குவதும், டைவரைக் கண்டால் நழுவுவதும் ஆய்விலேயே பதிவாகியிருக்கிறது. பயிற்சி இல்லாத பத்துப் பேர் குத்தித் தவறவிட்ட இடத்தில், தேர்ந்த ஆளுக்கும் மீன் சிக்காது.

நல்ல பயிற்சி எப்படி இருக்கும்? தண்ணீருக்குள் முதல் இருபது நிமிடம் மீன் பக்கமே போகக் கூடாது. மணல் தரையில் பிளாஸ்டிக் பாட்டிலையோ ஸ்பாஞ்சையோ வைத்து ஆளுக்கு ஆள் குத்திப் பழக வேண்டும். ஈட்டியின் பின்முனையில் உள்ள ரப்பர் வளையத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாட்டி, கையை ஈட்டியின் மேலே முன்னால் நகர்த்திப் பிடித்தால் ரப்பர் இழுபடும். பிடியைத் தளர்த்தினால் ஈட்டி பாயும். லயன்ஃபிஷ் அவ்வளவாக ஓடாது, ஈட்டி முனையை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோக முடியும். அந்தத் தூரத்தில் ரப்பரை முழுக்க இழுப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. மீனைத் துளைத்துக்கொண்டு முனை பாறையில் மோதும். ஈட்டியின் மூன்று முனைகளும் வளையும், பவளம் உடையும். பாதி இழுப்பு போதும். மீன் பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்து, செவுள் மூடிக்குச் சற்றுப் பின்னால் குறி வைக்க வேண்டும். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கையை விடக் கூடாது. பவளம் இருந்தால் அந்த மீனை விட்டுவிடுங்கள், அல்லது கோணம் மாறும்வரை பொறுங்கள்.

குத்தியதோடு வேலை முடியவில்லை. விபத்துகள் பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான். மீனை வலைப்பையில் போட்டால் முள் கண்ணி வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நீந்தும்போது பை காலில் உரசும். அந்தத் தொடைக் காயத்துக்குக் காரணம் இதுதான். இதற்கென்றே ஜூகீப்பர் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் குழாய்கள் இருக்கின்றன. வாயில் உள்நோக்கி மடங்கும் மடல்கள் இருக்கும். மீனோடு ஈட்டியை உள்ளே செலுத்தி வெளியே இழுத்தால் மடல் மீனைத் தடுத்து நிறுத்தும், முனை மட்டும் வரும். மறு கை குழாயின் அடிப்பக்கத்தில் இருக்க வேண்டும், வாய்ப்பக்கம் போகவே கூடாது. சாதாரண டைவ் கையுறை இந்த முள்ளைத் தடுக்காது. முள் நீக்கும்போது முள் துளைக்காத தடித்த கையுறை தேவை.

விஷ முள் மொத்தம் 18. முதுகில் 13, வயிற்றடித் துடுப்பு இரண்டிலும் ஒவ்வொன்று, வாலுக்கு முன்னால் அடிப்புறத்தில் 3. விசிறி போல விரியும் பக்கத் துடுப்புகளில் விஷம் இல்லை. முள்ளின் இருபக்கமும் நீளவாக்கில் பள்ளம் ஓடும், விஷத் திசு அதில்தான் இருக்கிறது, மேலே மெல்லிய தோலுறை. முள் சதைக்குள் இறங்கும்போது உறை பின்னால் சுருண்டு விஷம் காயத்தில் படுகிறது. இதற்கு மீன் உயிரோடு இருக்க வேண்டியதில்லை. ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டுக் குத்துப்பட்டவர்கள் உண்டு. கத்தரியால் 18 முள்ளையும் வெட்டி எடுத்தபிறகு அது சாதாரண மீன்தான், இறைச்சியில் இந்த விஷம் கிடையாது. ஆனால் சிகுவடேரா (பவளப்பாறை மீன்களின் இறைச்சியில் சேரும், சமைத்தாலும் போகாத நச்சு) உள்ள பகுதி என்றால் உள்ளூர்க்காரர்களைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

குத்துப்பட்டால் நீருக்குள் செய்ய வேண்டிய முதல் வேலை பதறாமல் இருப்பது. வலி உடனே ஏறும், மேலே பாயத் தோன்றும். 25 மீட்டர் ஆழத்திலிருந்து பாய்ந்து ஏறினால் முள்ளைவிடப் பெரிய ஆபத்து வரும். கூட்டாளிக்குச் சைகை காட்டி, டைவை முடித்து, வழக்கமான வேகத்தில் ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வாருங்கள். படகில் மோதிரத்தைக் கழற்றுங்கள், வீக்கம் வந்தால் கழலாது. வெளியே தெரியும் முள் துண்டை எடுங்கள். 43 முதல் 45 டிகிரி வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் காயத்தை வைத்திருங்கள். சூட்டை அடிபடாத கையால் பார்க்க வேண்டும். வலித்துக்கொண்டிருக்கும் கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, வெந்துபோகும். ஐஸ் வேண்டாம், இறுக்கக் கட்டவும் வேண்டாம். மூச்சுத் திணறல், மயக்கம், நெஞ்சு வலி இருந்தால் நேரே மருத்துவமனைக்குத்தான்.

இதற்கு ஒரு பிளாஸ்கில் வெந்நீரும் ஒரு தெர்மாமீட்டரும் போதும். அதுகூட இல்லாத படகில் ஏறாதீர்கள்.

இன்னொன்று: குத்திய மீனைச் சுறாவுக்கோ மொரே விலாங்குக்கோ ஊட்டிக் காட்டும் கடைகள். படம் எடுக்க நன்றாக இருக்கும். ஆனால் டைவர் என்றால் தீனி என்று அவை பழகிவிடும், அடுத்து வருகிறவனின் கையைத் தேடி வரும். அதைப் 'பயிற்சியின் ஒரு பகுதி' என்று சொல்லும் இடத்திலிருந்து விலகிவிடுங்கள்.

சரி, காசு கொடுத்துக் கற்பது தகுமா? இது ஆளைப் பொறுத்தது. ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்பநிலை டைவிங் அட்டை வாங்கிச் சில டைவ் மட்டுமே செய்தவர் என்றால் இப்போது வேண்டாம். ஒரு கையில் ஈட்டி, மறு கையில் குழாய், தலை பாறைக்கு அடியில் என்ற நிலையில் கையால் துழாவாமல் அசையாது மிதக்கத் தெரிய வேண்டும். அது வராதவர் பவளத்தை உதைத்து, காற்றளவையும் பார்க்க மறப்பார். அந்தப் பணத்தை மிதப்புக் கட்டுப்பாட்டுப் பயிற்சியில் போடுங்கள். அடிக்கடி வேட்டை நடக்கும் இடங்களில் மீன் ஆழத்தில்தான் மிஞ்சியிருக்கும். 18 மீட்டருக்கு மட்டும் பயின்றவரை 30 மீட்டருக்குக் கூட்டிப்போகும் கடை உங்கள் உயிரைப் பணயம் வைக்கிறது. மிதப்பு நன்றாக வருகிறவருக்கு, ஆளுக்கொரு ஈட்டி கொடுத்து, ஒரு பயிற்சியாளருக்கு இரண்டு மூன்று பேருக்கு மேல் சேர்க்காமல், மணலில் பழக்கி, முள் வெட்டுவதுவரை செய்ய வைக்கும் வகுப்பு கட்டாயம் தகும். அனுமதிக்குப் பயிற்சி கேட்கும் தீவுகளிலும் வேறு வழியில்லை.

புளோரிடாவில் மட்டும் வேட்டையாடப் போகிறவருக்கு வேறு வழியும் இருக்கிறது. கீ லார்கோவில் உள்ள ரீஃப் என்ற கடல் பாதுகாப்பு அமைப்பு 2009 முதல் லயன்ஃபிஷ் பிடிக்கும் போட்டிகளை நடத்துகிறது. அங்கே வருகிற அனுபவசாலிகள் முள் வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது, ஸ்லைடு வகுப்பைவிட எவ்வளவோ மேல். கற்றதை ஊரில் காட்ட நினைக்காதீர்கள். மன்னார் வளைகுடாவிலும் திருகோணமலையிலும் இந்த மீன் அந்தக் கடலுக்கே உரியது, அதைக் குத்த ஒரு நியாயமும் இல்லை.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் விளம்பரத்தின் படம், ரசீது, டைவ் கம்ப்யூட்டரின் ஆழ-நேரப் பதிவு, அட்டையில் உள்ள பயிற்சியாளர் எண் நான்கையும் சேர்த்து முதலில் கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அட்டை கொடுத்த பயிற்சி நிறுவனத்துக்கு அனுப்புங்கள். இத்தகைய சிறப்பு வகுப்புகள் பலவற்றின் பாடத்திட்டத்தைப் பயிற்சியாளரே எழுதி நிறுவனத்திடம் ஒப்புதல் வாங்குகிறார். அந்தப் பாடத்திட்டத்தின் நகலைக் கேளுங்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பது அதிலேயே இருக்கும். இனிமேல் சேர்கிறவர்கள் 'எல்லாப் பயிற்சியும் முடித்தேன்' என்ற தாளில் டைவுக்கு முன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த நால்வரும் படகு கிளம்புமுன்பே போட்டுவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கடை நீட்டியது அந்தத் தாளைத்தான்.