உழவர் சந்தை: கடை போட்டவரின் மதிப்பீடு

உழவர் சந்தையைப் பற்றிக் கருத்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் காய் வாங்கப் போனவர்கள். நான் ஆறு ஆண்டுகளாக அங்கே காய் விற்கிறேன். 60 சென்ட் கிணற்றுப் பாசன நிலத்தில் கத்தரி, வெண்டை, கொத்தவரை, வரப்போரமாகக் கொஞ்சம் கீரை என்று வைக்கும் குடும்பம் எங்களுடையது. கணவர் மில் வேலைக்குப் போவதால் வெள்ளாமையை நானும் மாமியாரும் பார்த்துக்கொள்கிறோம். எங்கள் சந்தை எந்த ஊரில் இருக்கிறது என்பதை வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறேன்.

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது, விளைவித்தவரே இடைத்தரகர் இல்லாமல் விற்க வேண்டும் என்பதுதான் நோக்கமாகச் சொல்லப்பட்டது. கடைக்கு வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசும் சந்தையிலேயே கொடுக்கிறார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 விழுக்காடு கூடுதலாகவும், வெளிக்கடைச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவாகவும் அன்றன்றைய விலையைக் காலையிலேயே முடிவு செய்து பலகையில் எழுதிவிடுகிறார்கள். இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

ஆனால் கையில் என்ன நிற்கிறது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். சென்ற மாதம் ஒரு நாள் 40 கிலோ கத்தரி பறித்தோம். மண்டியில் கிலோ 20 ரூபாய். கொண்டுபோயிருந்தால் 800 ரூபாயில் பத்து விழுக்காடு கமிஷனும் இறக்குக் கூலி 20 ரூபாயும் போக 700 ரூபாய் கிடைத்திருக்கும். சந்தையில் பலகை விலை 24. பதினொரு மணிக்குள் 34 கிலோ விற்றது. வாங்க வந்தவர்கள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக் காம்பருகே துளை இருந்ததை ஒதுக்கியதும், வெயிலில் தோல் சுருங்கியதும் சேர்ந்து ஆறு கிலோ மிஞ்சியது. அதைத் தள்ளுவண்டிக்காரர் கிலோ பத்து ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். ஆக மொத்தம் 876 ரூபாய். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் போக்குவரத்துச் செலவு இல்லை. கூடுதலாகக் கிடைத்த 176 ரூபாய்க்காக விடியற்காலை டோக்கன் வாங்கியதிலிருந்து ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். களையெடுக்க ஆள் கிடைக்காத நாளில் அந்த ஐந்து மணி நேரம் தோட்டத்துக்கு நட்டம்தான்.

அப்படியும் நான் சந்தையையே விரும்புவதற்குக் காரணம், காசு அன்றைக்கே கைக்கு வந்துவிடுகிறது என்பது. எங்கள் பக்கத்து மண்டியில் வாரம் ஒருமுறைதான் கணக்கு முடிப்பார்கள். விதைக்கும் உரத்துக்கும் மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியவர்களுக்கு அந்த வாரக் கணக்கிலும் பிடித்தம் போக மிச்சம்தான் வரும். கடன் தீரும்வரை காயை வேறெங்கும் கொண்டுபோக முடியாது. பலகையில் என்ன விலை எழுதியிருந்தாலும் அவர்களுக்கு அதனால் பயனில்லை. எங்கள் தெருவில் காய் வைக்கும் ஒன்பது குடும்பங்களில் நாங்கள் இருவர் மட்டும் சந்தைக்கு வருவதற்கு, மற்றவர்களின் சோம்பல் காரணமல்ல.

எனது பெரிய மனக்குறை, சந்தைக்குள் விற்க விவசாயிக்கு வேண்டிய அடையாள அட்டையைப் பற்றியது. அட்டைக்கு, நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவும் அதில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலும் வேண்டும். எங்கள் பட்டா காலஞ்சென்ற மாமனார் பெயரிலேயே இருந்ததால், வாரிசுச் சான்று வாங்கி, பெயர் மாற்றி, தோட்டக்கலை அலுவலர் வந்து பயிரைப் பார்த்து முடிய பத்து மாதங்கள் ஆயின. எங்களுக்காவது பட்டா என்று ஒன்று இருந்தது. பக்கத்துத் தோட்டத்தை வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்து எட்டு ஆண்டுகளாகப் புடலையும் பாகலும் பந்தல் போட்டு விளைவிக்கும் ஓர் அம்மாவுக்கு அதுவும் இல்லை. குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற 1969ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பெயர் ஏறிவிட்டால் நிலத்தை மீட்க முடியாது என்ற அச்சத்தில் நிலக்காரர் கையெழுத்துப் போட மறுக்கிறார். அந்த அம்மா சந்தையின் வாசலுக்கு வெளியே, சாக்கை விரித்து நடைபாதையில் விற்கிறார். அவ்வப்போது துரத்தவும் படுகிறார். அவரைத் தாண்டி உள்ளே வந்தால், வறண்ட சமவெளிக் கிராமத்து அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் கேரட்டும் முட்டைக்கோசும் குவித்து வைத்திருப்பார். மலைக் காய் எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று யாரும் அவரைக் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் சந்தையில் அப்படி மூன்று கடைகள் இருக்கின்றன.

மற்றபடி தராசு சரியாக இருக்கிறது, குடிநீர் உண்டு. கழிப்பறை ஒன்று இருக்கிறது. அதன் பூட்டுச் சாவி யாரிடம் என்பதை நாள்தோறும் தேட வேண்டியிருக்கிறது. பாதிப்பேருக்கு மேல் பெண்கள் விற்கிற இடத்தில் இது சிறிய குறையல்ல. ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுப்பேன். ஒன்றரையில் ஒன்றை அட்டைக்காகவும் அரையைச் சாவிக்காகவும் குறைத்திருக்கிறேன்.

புதிதாகக் கடை போட நினைப்பவர்கள் ஒரே காயை மூட்டையாகக் கொண்டுவர வேண்டாம். நான்கைந்து வகையாக, மொத்தம் 50 கிலோவுக்குள் கொண்டுவந்தால் பத்தரைக்குள் கூடை காலியாகும். கீரைக்கட்டை ஈரச் சாக்கில் சுற்றி முன்வரிசையில் வையுங்கள். கீரைக்காக நிற்பவர்கள்தான் கத்தரியையும் கேட்கிறார்கள். தக்காளி வரத்து மிகுந்து விலை சரிந்த வாரத்தில் மட்டும் மண்டிக்கே போய்விடுங்கள், ஏனென்றால் அன்றைக்குச் சந்தையில் எல்லாக் கடையிலும் தக்காளிதான் இருக்கும்.